பலகைக்குக் கீழே

என் வீட்டுக்கு நீங்கள் வந்தால், காபி வருவதற்குள் உங்களை உள்ரூமுக்கு இழுத்துக்கொண்டு போய் ரயில் காட்டுவேன். வருகிற எல்லோருக்கும் இந்தத் தண்டனை உண்டு. கேஸ் சிலிண்டர் போட வருகிறவர்கூடத் தப்பியதில்லை.

ஆறடிக்கு நாலடி ப்ளைவுட் பலகை. மேலே இரண்டு சுற்றுத் தண்டவாளம், தெர்மகோலில் ஒரு மலை, மலையைக் குடைந்து ஒரு குகை, குகைக்கு வெளியே ஒரு பாலம். மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்தில் பெயர் எழுதிய ஸ்டேஷன். ஊர் எங்கள் மாயவரம். பிளாட்பாரத்தில் ஓர் அங்குல உயரம்கூட இல்லாத ஜனங்கள் பெட்டி படுக்கையோடு காத்திருக்கிறார்கள். பச்சை நிறத்தில் ஓர் இங்கிலீஷ் இன்ஜின் மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்து அவர்கள் முன் நிற்கும். மாயவரத்துக்கு இங்கிலீஷ் இன்ஜின் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். மாயவரத்தில் மலை மட்டும் இருக்கிறதா என்ன?

எல்லாம் காட்டுவேன். பலகைக்குக் கீழே குனிந்து பார்க்க மட்டும் விட மாட்டேன். போன வருஷம் வரை அதுதான் நிலைமை.

ஆரம்பித்தது என் பெரியப்பா பையன். இங்கிலாந்தில் இருக்கிறான். ஊருக்கு வந்தபோது என் மகனுக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி கொண்டுவந்தான். ஹார்ன்பி ரயில் செட். லிவர்பூல்காரர் ஃபிராங்க் ஹார்ன்பி 1920-ல் ஆரம்பித்து வைத்த பொம்மை ரயில். மெக்கானோ கண்டுபிடித்தாரே, அதே மனிதர். உள்ளே ஒரு வட்டத்துக்குத் தண்டவாளம், இன்ஜின், பெட்டிகள், ஒரு கன்ட்ரோலர். என் மகன் மூன்று நாள் ஓட்டினான். நாலாம் நாள் செல்போன் கிரிக்கெட்டுக்குத் திரும்பிவிட்டான். எனக்குத்தான் திரும்ப முடியவில்லை.

இந்தப் பொழுதுபோக்கில் ஒரு வட்டத்தோடு நிறுத்திய மனிதன் கிடையாது. வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும், "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டால், "ஒரு கஜம் தண்டவாளம்" என்றேன். ஸ்காட்ச் கேட்பான் என்று எதிர்பார்த்தவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வட்டம் இரண்டானது, பலகை வந்தது, மலை எழுந்தது. அப்போது ஆரம்பித்தது வியாதி.

கன்ட்ரோலர் பக்கத்தில் ரயில் ஜம்மென்று போகும். குகைக்குப் பின்னால் போனதும் மூச்சு வாங்கும். பாலத்தில் நின்றேவிடும். விரலால் ஒரு தட்டு தட்டினால் கிளம்பும்.

காரணம் சொல்கிறேன். பொம்மை ரயில் கரண்டைத் தண்டவாளத்திலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. ஒரு தண்டவாளம் போகிற வழி, இன்னொன்று வருகிற வழி. அந்தத் தண்டவாளத்துக்கு நிக்கல் சில்வர் என்று பெயர். சில்வர் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், குந்துமணி வெள்ளி கிடையாது. செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். செம்புக் கம்பி அளவுக்கு அது கரண்டைக் கடத்தாது. போதாக்குறைக்கு ஒவ்வொரு துண்டையும் அடுத்த துண்டோடு கோர்க்க ஒரு சின்னத் தகரப் பட்டை. நிஜ ரயில்வேயின் ஃபிஷ்பிளேட்தான், குழந்தை சைஸில். அது நாள்பட நாள்பட தளரும், கறுக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் செத்துப்போகும். அபார்ட்மென்ட் குழாய்த் தண்ணீர் மாதிரி. மோட்டார் பக்கத்து வீட்டில் கொட்டும், கடைசி வீட்டில் சொட்டும்.

இதற்கு வைத்தியம் உலகம் பூராவும் ஒன்றுதான். பலகைக்குக் கீழே ஓர் ஓரமாகத் தடித்த செம்புக் கம்பி இரண்டு ஓட வேண்டும். பஸ் என்று பெயர். அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனித்தனியே மெல்லிய ஒயர் மேலே ஏற வேண்டும். தகரப் பட்டையை நம்பவே கூடாது. புத்தகத்தில் எல்லாம் தெளிவாகப் போட்டிருந்தது. நான்தான் ஒயர் வாங்கச் சோம்பல்பட்டேன்.

பழைய டெலிபோன் ஒயர், தீபாவளிக்கு வாங்கிய சீரியல் பல்பின் மிச்சம், செத்துப்போன செல்போன் சார்ஜரின் வால், எது கிடைத்ததோ அதை முறுக்கி, டேப் சுற்றி விட்டேன். மஞ்சள், நீலம், ஊதா. எந்த நிறம் எங்கே போகிறது என்பது ஆண்டவனுக்கும் எனக்கும் தெரியும். ஆறு மாசத்தில் ஆண்டவனுக்கு மட்டும்.

கூச்சத்துக்கு ஒரு சமாதானமும் வைத்திருந்தேன். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 1946-ல் மாணவர்கள் ஆரம்பித்த மாடல் ரயில் சங்கம் ஒன்று உண்டு. அதில் இரண்டு ஜாதி. மலையும் மரமும் செய்து வண்ணமடிக்கிற ஒரு கூட்டம். பலகைக்குக் கீழே மல்லாந்து படுத்து, பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ரிலேக்களை வைத்து ஒயர் கோக்கிற இன்னொரு கூட்டம். 'ஹேக்' என்ற வார்த்தைக்கு இன்றைய அர்த்தம் கிடைத்தது இந்த இரண்டாம் கூட்டத்தில்தான். இவர்களில் சிலர்தான் பின்னால் அங்கே வந்த ஆரம்ப காலக் கம்ப்யூட்டர்களில் போய் உட்கார்ந்தவர்கள். ஸ்டீவன் லெவி 1984-ல் ஹேக்கர்கள் பற்றி எழுதிய புத்தகம் இங்கேதான் தொடங்குகிறது. ஆகவே, பலகைக்குக் கீழே நான் வைத்திருந்தது குப்பை அல்ல, ஹேக்கிங் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் சிக்னல் சார் வந்தார்.

எங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷனின் பொருளாளர் அவர். மூன்றாவது மாடி. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ரிடையரானவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சிக்னல் சார். மெயின்டனன்ஸ் பணம் வாங்க வந்தவரை வழக்கம்போல உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். ஸ்டேஷனைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். ரயில் பாலத்தில் நின்றதையும் பார்த்தார். நான் தடுப்பதற்குள் சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்துக் குனிந்துவிட்டார்.

ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. எழுந்து, பணத்தை வாங்கி, ரசீது போட்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டார்:

"நீங்க என்ன தம்பி படிச்சீங்க?"

"பி.காம். சார்."

"கணக்கு நோட்டு இப்படி எழுதினா பாஸ் போடுவாங்களா?"

போய்விட்டார். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏங்க, என்ன சொல்லிட்டுப் போறார்?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

மறுநாள் காலை அவரே வந்தார். கையில் ஒரு பழைய பிரீஃப்கேஸ். கட்டிங் பிளையர், ஒயர் உரிக்கிற கருவி, மெழுகு தடவிய நூல் கண்டு ஒன்று, நீளமான பேரேடு நோட்டு ஒன்று. "முதல்ல இருக்கிற ஒயர் எல்லாத்துக்கும் கணக்கு எழுதுங்க. எங்கேர்ந்து கிளம்புது, எங்கே போய்ச் சேருது. ஒண்ணு விடாம."

எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுசாக ஆரம்பிக்கலாமே என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ரயிலை நிறுத்திட்டு வேலை செய்யறதுன்னா யார் வேணா செய்வாங்க. ஓடுற லைன்லதான் தம்பி வேலையே. புதுசு போடணும், சோதிக்கணும், அப்புறம் பழசை எடுக்கணும். ஒவ்வொரு செக்ஷனா." மாயவரம் ஸ்டேஷனில் காத்திருக்கிற பிளாஸ்டிக் பயணிகள் மேல் அவருக்கு இருந்த அக்கறை எனக்கு வியப்பாக இருந்தது.

நோட்டுப் போட்டேன். பக்கத்துக்கு இரண்டு பத்தி. இடப்பக்கம் 'இருந்து', வலப்பக்கம் 'வரை'. கல்லூரியை விட்ட பிறகு முதல்முறையாக பி.காம். உபயோகப்பட்டது. மொத்தம் 53 ஒயர்.

ரிச்சி தெருவுக்குப் போனோம். ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். ஒயர் சிவப்பில் ஒரு சுருள், கறுப்பில் ஒரு சுருள். அது பஸ்ஸுக்கு. கிளைகளுக்கு மெல்லிய ஒயர், அதே இரண்டு நிறத்தில். "வெளித் தண்டவாளம் சிவப்பு, உள் தண்டவாளம் கறுப்பு. மூணாவது கலர் வாங்கினா நான் வரமாட்டேன்" என்றார். கடைக்காரர் தம்பி ஏதோ தள்ளுபடியில் பச்சை ஒயர் காட்ட, சார் அவரை முறைத்த முறைப்பில் அது உள்ளே போய்விட்டது.

ஈயம் வைப்பதை அவரிடம்தான் கற்றேன். நான் அதுவரை சால்டரிங் அயர்னின் முனையில் ஈயத்தை உருக்கி, சொட்டு மருந்து மாதிரி தண்டவாளத்தில் விட்டுக்கொண்டிருந்தேன். அது ஒட்டியது போல இருக்கும், ஒரு வாரத்தில் பொட்டு மாதிரி உதிரும். "ஈயத்தைச் சூடு பண்ணாதீங்க. இரும்பைச் சூடு பண்ணுங்க" என்றார் (தண்டவாளம் எந்த உலோகமானாலும் அவருக்கு இரும்புதான்). தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் துளி பேஸ்ட். முதலில் அங்கே கொஞ்சம் ஈயம் பூச வேண்டும். ஒயர் நுனியிலும் தனியாகப் பூச வேண்டும். பிறகு இரண்டையும் சேர்த்து வைத்து அயர்னால் ஒரு தொடல், இரண்டு நொடி. ஈயம் தானே பாய்ந்து, ஆறும்போது பளபளக்க வேண்டும். சாம்பல் பூத்தது போல மங்கலாக இருந்தால் அது பொய் ஒட்டு, பிடுங்கிவிட்டு மறுபடி. மூன்றாவது நொடி அயர்னை வைத்திருந்தால் தண்டவாளத்தின் பிளாஸ்டிக் கட்டைகள் அல்வாவாகிவிடும். என் மாயவரத்தில் நாலு இடத்தில் அல்வா இருக்கிறது. புல் தூவி மறைத்திருக்கிறேன்.

இடையில் ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். இரண்டாவது சுற்றை ஒரு வளையமாக வளைத்து, ரயில் திரும்பி வந்த வழியே போகும்படி அமைத்திருந்தேன். பார்க்க அழகு. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இடது தண்டவாளம் வளைந்து வந்து எதில் சேரும்? வலது தண்டவாளத்தில். பற்றுப் பத்தி நேராகப் போய் வரவுப் பத்தியில் விழுந்த மாதிரி. கன்ட்ரோலர் 'கீ' என்று கத்திவிட்டு அணைந்துவிடும். வளையத்தின் இரண்டு முனையிலும் இரண்டு தண்டவாளங்களையும் வெட்டி, பிளாஸ்டிக் இணைப்புப் போட்டு, அந்தத் துண்டைத் தனித் தீவாக்க வேண்டும். ரயில் உள்ளே நுழைந்ததும் தீவின் கரண்ட் திசையை மாற்ற ஒரு சின்னப் பெட்டி விற்கிறது. இதை நான் மூன்று மாசம் தேடியும் கண்டுபிடிக்கவில்லை. சார் ஒரு காகிதத்தில் இரண்டு பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். தலையில் அடித்துக்கொண்டேன்.

"எங்க ஆபீஸ்ல இது தலைகீழ் தம்பி" என்றார். பொம்மை ரயிலில் ஓர் அச்சின் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே பிளாஸ்டிக் வைத்துக் கரண்டைப் பிரித்திருப்பார்கள். இல்லாவிட்டால் சக்கரமே ஷார்ட் அடிக்கும். நிஜ ரயிலில் சக்கரமும் அச்சும் ஒரே இரும்பு. ஷார்ட் அடிக்க வேண்டும் என்பதே திட்டம். தண்டவாளத்தின் ஒரு முனையில் சின்ன பேட்டரி, மறுமுனையில் ரிலே. கரண்ட் வந்துகொண்டே இருந்தால் 'லைன் காலி' என்று ரிலே எழுந்து நிற்கும். ரயில் வந்து ஏறியதும் அச்சு குறுக்கே விழுந்து கரண்டை மறித்துவிடும். ரிலே கீழே விழும், சிக்னல் சிவப்பாகும். ஒயர் அறுந்தாலும், பேட்டரி செத்தாலும் விளைவு அதே சிவப்புதான். வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1872-ல் காப்புரிமை வாங்கிய விஷயம். "எது கெட்டாலும் சிவப்பு. அதுதான் எங்க சாமி."

"அப்புறம் எப்படி சார் விபத்து நடக்குது?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் நூல் கண்டை எடுத்தார்.

பஸ்ஸோடு போகிற ஒயர்களைக் கட்டாகச் சேர்த்து, விரற்கடைக்கு ஒரு முடிச்சாக நூலால் கட்டிக்கொண்டே போக வேண்டும். பிளாஸ்டிக் டை வருவதற்கு முன்னால் டெலிபோன்காரர்களும் சிக்னல்காரர்களும் இப்படித்தான் கட்டினார்கள். எனக்கு முடிச்சு வழுக்கியது. கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "இது பூ கட்டறதுதானே" என்று வந்து உட்கார்ந்தாள். மல்லிகைச் சரம் கட்டுகிற வேகத்தில் ஒன்றரை அடி கட்டி முடித்தாள். சிக்னல் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். "நாலு வருஷம் எனக்கு அசிஸ்டென்டா இருந்தவனுக்கு இது வரலை அம்மா" என்றார். அன்று முதல் கட்டுகிற வேலை அவளுடையது. எனக்கு லேபிள் எழுதுகிற வேலை.

எழுதினேன். பேப்பர் டேப்பில் எண், ஒயரின் இரண்டு முனையிலும். கீழே படுத்துப் பார்த்தால் சிவப்பும் கறுப்பும் படிய வாரிய தலைமுடி போல. செல்போனில் படம் எடுத்துப் பெரியப்பா பையனுக்கு அனுப்பினேன். சார் வந்தார். ரொம்ப நேரம் டார்ச் அடித்தார். ஒரு முனையில் 17-ஐப் பிடித்து லேசாக இழுத்தார். மறுமுனையில் அசைந்தது 11.

"அழகா இருக்கு, தப்பா இருக்கு" என்றார். "அலங்கோலமா இருந்தா வர்றவன் சந்தேகப்படுவான். சோதிச்சுப் பார்ப்பான். இதை நம்பிடுவான்."

இது எனக்குச் சுருக்கென்று தைத்தது. 2023 ஜூன் 2-ம் தேதி ராத்திரி நான் பத்திரிகை ஆபீஸில் இருந்தேன். ஷாலிமாரிலிருந்து சென்னை வரவேண்டிய கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவில் பாலசோர் பக்கம் பாஹாநாகா பஜார் ஸ்டேஷனில், மெயின் லைனுக்குப் பச்சை விழுந்திருக்க, லூப் லைனுக்குள் போய் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. தடம் புரண்ட பெட்டிகள் எதிரே போன பெங்களூரு - ஹவுரா எக்ஸ்பிரஸிலும் மோதின. 290 பேருக்கு மேல் போனார்கள். விடிய விடிய போன். சென்ட்ரலில் யாருக்காகவோ காத்திருந்தவர்களின் முகங்கள் இன்னும் மறக்கவில்லை. அடுத்த மாசம் விசாரணை முடிவு வந்தது. 2018-ல் சிக்னல் சர்க்யூட்டை மாற்றியபோது நடந்த தவறும், லெவல் கிராசிங் கேட் வேலையின்போது நடந்த தவறும் சேர்ந்து வந்த வினை. கேட் பக்கத்துப் பெட்டிக்குள் இருந்த ஒயர்களில் பெயர் தப்பாக எழுதியிருந்தது. வருஷக்கணக்கில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அந்தச் செய்தியைப் படித்தவர்களில் நானும் ஒருவன். அன்று 'லேபிள்' என்ற வார்த்தையைத் தாண்டிப் போய்விட்டேன். இப்போது கையில் பேனாவும் டேப்பும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

53 ஒயரையும் புதுசுக்கு மாற்ற ஆறு ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஐந்தாவது ஞாயிறு, பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஒயரை பஸ் பக்கம் கழற்றினேன். தண்டவாளப் பக்கம் கை எட்டவில்லை. நுனியை மடக்கி ஓரமாகத் தள்ளிவிட்டு, "இதை அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்றேன்.

சார் கீழே படுத்திருந்தவர் அப்படியே எழுந்து உட்கார்ந்தார். தலை பலகையில் இடித்தது. அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"1986" என்றார். "ஸ்டேஷன் பேர் கேட்காதீங்க."

ராத்திரி வேலை. ரிலே ரூமில் பழைய ஒயரை மாற்றிப் புதுசு கொடுக்க வேண்டும். புதுசு கொடுத்தாயிற்று. பழசை ஒரு முனையில் கழற்றினார். அப்போது டீ வந்தது. டீ குடித்துவிட்டு வந்து, அடுத்த ஒயருக்குப் போய்விட்டார். விடிகாலை அவருடைய பெரியவர் வந்து, கையில் வரைபடத்தோடு ஒயர்களை எண்ணியிருக்கிறார். படத்தில் 14. ரிலேயில் 15. பழைய ஒயரின் நுனி, கழற்றிய டெர்மினலிலிருந்து ஒரு விரல் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டிருந்தால், லைனில் ரயில் நின்றாலும் சிக்னல் சிவப்புக்குப் போயிருக்காது.

"திட்டினாரா சார்?"

"இல்ல. ரிப்போர்ட்டும் எழுதலை. அந்த ஒயரை ரெண்டு பக்கமும் வெட்டி என் கையில கொடுத்தார். பிளாட்பாரத்துல போய் நில்லுன்னார். ஏழு மணி பாசஞ்சர் வந்தது. பால்காரங்க, ஸ்கூல் பசங்க, கதவுல தொங்கிட்டு ஆபீஸ் போறவங்க. வண்டி போற வரைக்கும் நிக்க வச்சார். அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடிக்கலை."

இரண்டு வருஷம் கழித்து லண்டன் செய்தியைப் படித்தபோது பேப்பரை மடித்து வைத்துவிட்டாராம். நானும் அன்றிரவு தேடிப் படித்தேன். 1988 டிசம்பர் 12, திங்கட்கிழமை காலை எட்டு பத்து. கிளாப்ஹாம் ஜங்ஷன் அருகே, நின்றிருந்த ரயிலின் பின்னால் இன்னொரு ரயில் மோதியது. எதிரே வந்த காலி ரயில் ஒன்றும் இடிபாட்டில் மோதியது. 35 பேர் இறந்தார்கள். ஐந்நூறு பேருக்குக் கொஞ்சம் குறைவாகக் காயம். காரணம், இரண்டு வாரத்துக்கு முன்பு சிக்னல் ஒயரிங்கை மாற்றிய ஒரு டெக்னீஷியன், பழைய ஒயரை ஒரு பக்கம் மட்டும் கழற்றி, வெட்டாமல், கட்டாமல் வளைத்து விட்டிருந்தார். முதல் நாள் பக்கத்து ரிலேயில் வேறு வேலை நடந்தபோது அது அசைந்து, பழைய இடத்திலேயே போய்த் தொட்டது. சிக்னல் சிவப்பாகவில்லை.

ஆந்தனி ஹிடன் என்ற வழக்கறிஞர் விசாரித்து 1989-ல் கொடுத்த அறிக்கையில் இரண்டு விஷயம் என்னைத் தூங்க விடவில்லை. அந்த டெக்னீஷியன் பதின்மூன்று வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் லீவு எடுத்திருந்தார். பழைய ஒயரை வளைத்து விடுவது அவருடைய வழக்கம்தான். வருஷக்கணக்கில் அப்படித்தான் செய்துவந்தார். தப்பு என்று ஒருவரும் சொன்னதில்லை. வேலை முடிந்த பிறகு வேறொருவர் வந்து ஒயர்களை எண்ணியிருக்க வேண்டும். எண்ணவில்லை. எண்ணுவதற்கு ஒரு பெரியவர் சிக்னல் சாருக்கு இருந்தார். அவ்வளவுதான் வித்தியாசம் என்று எனக்குப் படுகிறது.

ஆறாவது ஞாயிறு சாயங்காலம் வேலை முடிந்தது. கடைசிச் சோதனை ஒன்று உண்டு, காசுச் சோதனை. கரண்ட் இருக்கும்போது தண்டவாளத்தின் குறுக்கே ஒரு காசை வைக்க வேண்டும். ஒயரிங் சரியாக இருந்தால் கன்ட்ரோலர் அந்தக் கணமே தன்னை அணைத்துக்கொள்ள வேண்டும். அணையாவிட்டால், கரண்ட் போகும் வழி எங்கோ மெலிந்திருக்கிறது, ஒருநாள் எரியும் என்று அர்த்தம். சின்ன வயசில் மாயவரத்தில் மீட்டர் கேஜ் தண்டவாளத்தில் பத்துப் பைசா வைத்துவிட்டுப் புதரில் ஒளிந்துகொண்டவன் நான். ரயில் போனதும் தகடாக, சூடாகக் கிடைக்கும். அப்பாவிடம் வாங்கிய அடியும் சூடுதான். இப்போது ரயில்வேக்காரர் பக்கத்தில் நிற்க, ஒரு ரூபாயை ஒவ்வொரு துண்டிலும் வைத்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு முறையும் 'டிக்' என்று அணைந்தது. பாலத்தில்கூட.

என் மகன் செல்போனை வைத்துவிட்டு வந்து நின்றான். "நான் வைக்கிறேம்ப்பா" என்று காசை வாங்கிக்கொண்டான்.

ரயில் ஓடியது. குகைக்குள் போன வேகத்திலேயே வெளியே வந்தது. என் மனைவி பாயசம் வைத்திருந்தாள். சார் உட்காரவில்லை. "கழட்டின ஒயரை எல்லாம் கொண்டாங்க" என்றார்.

பழைய பேப்பரை விரித்துக் கொட்டினேன். மஞ்சள், நீலம், ஊதா. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடித்தோம். மகன் எண்ணினான். 52.

மறுபடி எண்ணினோம். 52. ஐந்தொகை ஒரு ரூபாயில் இடித்தால் விடிய விடிய தேடுகிற குமாஸ்தாக்களைப் பற்றி எங்கள் வாத்தியார் சொன்னது ஞாபகம் வந்தது. குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தோம். கட்டிலுக்கு அடியில் பார்த்தோம். பாயசம் ஆறியது. பத்து மணிக்கு, "ஒரு ஒயர்தானே சார், பெருக்கும்போது போயிருக்கும்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் கிடைத்தது. பாலத்துக்குப் பின்னால், குகையின் சுவரை ஒட்டி. மஞ்சள் ஒயர். போன ஞாயிறு நான் மடக்கித் தள்ளினேனே, அதே. அவ்வளவு கதை கேட்டும் அதை நான் எடுக்கவில்லை. ஒரு முனை தண்டவாளத்தில் ஈயத்தோடு ஒட்டியிருந்தது. மறுமுனை அந்தரத்தில் எதையும் தொடாமல் தொங்கியது.

சார் என் கையிலிருந்து பிளையரை வாங்கினார். மேல்பக்கம் ஒட்ட வெட்டி எடுத்தார். நோட்டில் 53-க்கு நேரே டிக் போட்டு, தேதி எழுதி, கையெழுத்துப் போட்டார். ஒயர்த் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பாயசத்தை நின்றபடியே குடித்துவிட்டு, லிஃப்டுக்குப் போனார்.